நோயுற்ற நாளின் கூலி

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, தீபகற்ப மலேசியாவில் சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவர் நோயுற்றால் வருஷத்தில் எத்தனை நாள் ஊதியத்தோடு ஓய்வெடுக்கலாம் என்பதை மூன்று படிகளாக வகுத்துச் சொல்லுகிறது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு 14 நாள். இரண்டு ஆண்டு நிறைந்து ஐந்து ஆண்டு நிறையாதவருக்கு 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் சேவை செய்தவருக்கு 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அதற்கென்று 60 நாள். ஏட்டில் வாசிக்கும்போது இது நியாயமான ஏற்பாடாகவே தோன்றுகிறது. உழைத்த காலம் நீள நீள உடம்பின் தேய்மானமும் மிகுமாகையால், சேவை பெருகப் பெருக ஓய்வும் பெருக வேண்டும் என்னும் தத்துவம் அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும், இருபது வருஷகாலம் ஒரே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கித் துடைத்த பின்பும் இந்த மூன்றாவது படியை எட்டவே முடியாத ஒரு பெருங்கூட்டம் நம் நடுவே இருக்கிறது என்பதையும், அவர்களுள் நம்மவர் பலர் என்பதையும், அந்த அநியாயத்தை நீக்கும் உபாயம் எட்டாத தூரத்தில் இல்லை என்பதையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

சட்டம் செய்திருக்கும் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வது முறை. எம். சரவணன் மனிதவள அமைச்சராயிருந்தபோது 2022 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பரில் அமலாக வேண்டியிருந்து, முதலாளிமார் அவகாசம் கேட்டதன் மேல் 2023 ஜனவரி முதல் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்ட திருத்தம், தொழிலாளர் வாழ்வில் சொற்பமான மாறுதல் அன்று. அதற்கு முன்பு ஆஸ்பத்திரி நாட்களும் வீட்டிலிருந்து தேறும் நாட்களும் சேர்ந்தே 60க்குள் அடங்கியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து எழுந்தவர், வீட்டுக்கு வந்த மறுவாரம் காய்ச்சலில் விழுந்தால் சம்பளமில்லாமல் கிடக்க வேண்டியதே. திருத்தம் இந்த இரண்டையும் பிரித்தது. பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கிற்று; வாரத்து வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது; மாதம் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பாதித்தவர்களையும் சட்டத்தின் நிழலுக்குள் கொண்டுவந்தது. இவை யாவும் பாராட்டத்தக்கவை. ஆனால் நோய்க்கால விடுப்பின் அஸ்திவாரத்தை அந்தத் திருத்தம் தொடவில்லை: சேவைக்காலம் என்பது தொழிலாளி உழைத்த காலம் அன்று, ஒரு குறிப்பிட்ட முதலாளியிடம் உழைத்த காலம் என்னும் ஏற்பாடு அப்படியே நிற்கிறது.

இந்த ஏற்பாடு யாரைப் பாதிக்கிறது என்பதைக் காண ஷா ஆலத்தை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராகப் பிரகடனம் செய்யப்பட்ட இந்த நகரத்தில் சட்டமன்றம் இருக்கிறது, மாநிலச் செயலகம் இருக்கிறது, 2015ல் திறக்கப்பட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது, மாநகராட்சி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, எண்ணற்ற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இத்தனை ஸ்தாபனங்களையும் சுத்தமாக வைத்திருப்போரும், இரவெல்லாம் விழித்திருந்து வாயிலைக் காப்போரும், பெரும்பாலும் அந்த ஸ்தாபனங்களின் ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள். 1990களின் பிற்பாதியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, சலவை, கழிவகற்றல் முதலிய வேலைகள் தனியாரிடம் விடப்பட்டன. பள்ளிக்கூடங்களின் துப்புரவும் காவலும் அதே வழியில் சென்றன. இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடிகிறது. புதிய கம்பெனி வருகிறது. பழைய ஆட்களையே புதிய காகிதத்தில் கையெழுத்திட வைத்து எடுத்துக்கொள்கிறது. கூட்டும் தாழ்வாரம் மாறவில்லை, துடைக்கும் வகுப்பறை மாறவில்லை, கையிலிருக்கும் மாப்பு மாறவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அந்த அம்மாள் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

கணக்கைப் பாருங்கள். ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கானதென்றால், முதல் இரண்டு ஆண்டும் 14 நாள், மூன்றாம் ஆண்டில் 18க்கு ஏறுகிறாள், அதற்குள் கம்பெனி மாறிவிடுகிறது, மறுபடியும் 14. ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கானதென்றால் அந்த 18ம் இல்லை. 22 என்பது அவள் ஆயுளில் காணாத எண். முப்பது வயதில் சேர்ந்து ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் தேய்ந்து நிற்கும் ஒருத்திக்கும், நேற்றுப் பள்ளியை முடித்துவிட்டு வந்த இளைஞனுக்கும் சட்டம் ஒரே விடுப்பைத்தான் தருகிறது. அதே ஆஸ்பத்திரி வார்டில் அவள் துடைத்த தரையில் நடந்து செல்லும் நிரந்தர அரசாங்க ஊழியருக்கோ, அரசாங்கப் பொது ஆணைகளின்படி வருஷத்துக்கு 90 நாள் நோய் விடுப்பு உண்டு. இலாகாத் தலைவர் அனுமதித்தால் அதற்கு மேலும் உண்டு. க்ஷயம், குஷ்டம், புற்றுநோய் ஆகிய மூன்றுக்கும் நீண்டகால விடுப்பென்று தனி விதியே உண்டு. அரசாங்க ஊழியருக்கு அவை கூடாது என்பதல்ல என் வாதம். அவை மனிதாபிமானம் நிறைந்த விதிகள், அவற்றை ஒரு நாளும் குறைக்கலாகாது. ஆனால் க்ஷயரோகக் கிருமி சம்பளப் பட்டியலைப் பார்த்துத் தொற்றுவதில்லை. அந்த நோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்துண்ண வேண்டும். அதன் ஆரம்ப வாரங்களில் பிறரோடு பழகாமலிருப்பது உத்தமம். அந்த வாரங்கள் முடிவதற்குள் ஒப்பந்தத் தொழிலாளியின் 14 நாள் தீர்ந்துபோகிறது.

அந்த 14 நாளையாவது அச்சமின்றி அனுபவிக்க முடிகிறதா என்றால், அதுவும் சந்தேகமே. நம் ஊரில், டாக்டர் தரும் நோய்ச் சீட்டைக் குறிக்கும் எம்.சி. என்ற இரண்டெழுத்துக்கு ஒரு தனிப் பயம் உண்டு. பல தொழிற்சாலைகளிலும் ஒப்பந்தக் கம்பெனிகளிலும் அடிப்படைச் சம்பளத்தோடு வருகை அலவன்ஸ் என்று ஐம்பதோ நூறோ வெள்ளி சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மாதத்தில் ஒரு நாள் எம்.சி. எடுத்தாலும் அந்தத் தொகை முழுவதும் போய்விடும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்; அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளின் கூலி 65 ரிங்கிட் 38 காசு. டாக்டர் சீட்டின் பேரில் சட்டம் இந்த 65 வெள்ளியை ஒரு கையால் கொடுக்க, அலவன்ஸ் என்ற பெயரில் ஏறக்குறைய அதே தொகை மறு கையால் பறிக்கப்படுகிறது. 'எம்.சி. எடுத்தா இந்த மாசம் அலவன்ஸ் கிடையாதுக்கா, பார்த்துக்குங்க' என்று மேற்பார்வையாளர் இதமாகவே சொல்லுகிறார். அக்காளும் இரண்டு பனடோலை விழுங்கிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கிறாள். சட்டம் மீறப்பட்டதாக எந்த நீதிமன்றத்திலும் இதை நிரூபிக்க முடியாது. சட்டத்தின் நோக்கம் மட்டும் சந்தடியில்லாமல் கொல்லப்படுகிறது. இதனோடு இன்னொன்றும் உண்டு. பரிசோதனைச் செலவு முதலாளியுடையது என்றும், அவர் நியமித்த டாக்டர் இருந்தால் அவரிடமே செல்ல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. நோயுற்றவர் 48 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்காவிட்டால், கையில் சீட்டு இருந்தாலும், அனுமதியின்றி வராதவராகவே கருதப்படுவார். எழுத்தறிவு குறைந்தவர்க்கும், தொலைபேசியில் மேற்பார்வையாளரைப் பிடிக்க முடியாத இரவுக் காவலருக்கும் இந்த 48 மணி ஒரு கண்ணியாகிவிடுவதைத் தொழிற்சங்கத்தார் நன்கறிவர்.

இந்தப் பிரதேசத்துக்கு இது புதிய துக்கம் அன்று. ஷா ஆலம் எழுந்திருக்கும் மண் பெரும்பாலும் தோட்ட மண். சுங்கை ரெங்கம் முதலிய தோட்டங்களில் ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில்தான் இன்று செக்‌ஷன் செக்‌ஷனாக வீடுகளும் ஆலைகளும் நிற்கின்றன; செக்‌ஷன் 7ல் உள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது. இந்தக் கிள்ளான் வட்டாரத்தில்தான் 1901ஆம் ஆண்டு, மாவட்ட வைத்தியராயிருந்த மால்கம் வாட்ஸன், மலேரியாவினால் மக்கள் கொத்துக் கொத்தாய் விழுவதைக் கண்டு, சதுப்புகளை வெட்டி வடித்து, கிள்ளானையும் புதிதாய்த் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் காப்பாற்றினார். மலேரியாத் தடுப்பின் சரித்திரத்தில் உலகமே குறித்துக்கொண்ட காரியம் அது. அதன் பின்னர் தோட்டங்களில் டிரெஸ்ஸர் வந்தார், கொயினா வந்தது, தோட்டத்து ஆஸ்பத்திரி வந்தது. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்காதவனுக்கு அன்றைய கூலி வரவில்லை. வைத்தியம் வேறு, ஜீவனம் வேறு என்று அன்று போடப்பட்ட கோடு இன்னும் முற்றாக அழியவில்லை: மருந்து உண்டு, சோறு அவரவர் பாடு.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களைக் குலுக்கிய வேலை நிறுத்தத்தை நம் சரித்திர நூல்கள் கூலி உயர்வுப் போராட்டம் என்றே பெரும்பாலும் குறிக்கின்றன. பத்திரிகையாளரான ஆர்.எச். நாதன் முதலியோர் நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் துணையோடு தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால் வேறொன்றும் விளங்கும். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி கேட்டார்கள். பெண்களைத் துன்புறுத்துவது நிற்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும், கள்ளுக்கடைகளை மூடுவதும், துரைமார் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டியிராத சுதந்திரமும் கேட்டார்கள். அந்த வரிசையிலேயே, முறையான வைத்திய வசதியும் கேட்டார்கள். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிர் துறந்தனர். உடல்நலத்தைக் கருணையாக யாசிக்காமல் உரிமையாகக் கேட்டதற்காக நம் முன்னோர் இந்த மண்ணில் இரத்தம் சிந்தியிருக்கிறார்கள் என்பதை, அந்தத் தோட்டங்களின் மேல் எழுந்த நகரத்திலிருந்து ஆட்சி செய்வோர் அறிந்திருப்பது நல்லது.

இன்று அந்த மலேரியாக் கொடுமை போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தவை மெல்லக் கொல்லும் நோய்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தோரில் 18.3 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 சதவிகிதம், அதாவது மூவரில் ஒருவர் என்று சொல்லும்படியான நிலை. நீரிழிவு சிறுநீரகத்தைத் தின்ற பிறகு டயாலிசிஸ்: வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், வருஷத்துக்கு 156 முறை. ஒவ்வொரு முறையும் அரை நாள் போனாலும் 78 நாள். சட்டத்தின் உச்சப் படியில் நிற்பவருக்கே 22 நாள்தான். அடிப்படியில் நிற்பவருக்கு பத்து வாரத்துக்குள் விடுப்பு தீர்ந்துவிடும். தகுதி பெற்றவர்களுக்கு டயாலிசிஸ் செலவைச் சமூகப் பாதுகாப்பு ஸ்தாபனமான சொக்சோ ஏற்கிறது. அது பெரிய உபகாரம், ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காத்திருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் சாய்ந்திருக்கும் நான்கு மணி நேரத்துக்கு வீட்டு வாடகை நிற்பதில்லை.

சொக்சோவை நாம் கூர்ந்து நோக்க வேண்டும், ஏனெனில் பரிகாரத்தின் விதை அங்கேதான் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு, கிள்ளானைச் சேர்ந்த வி. மாணிக்கவாசகம் தொழிலாளர் அமைச்சராயிருந்த காலத்தில் இயற்றப்பட்டு, 1971ல் செயல்படத் தொடங்கிய சொக்சோ சட்டத்தின் கீழ், வேலையில் காயமுற்றவருக்கும், வேலைக்குப் போகும் வழியில் விபத்துக்குள்ளானவருக்கும், உடல் தேறும் வரை தினக்கூலியில் 80 சதவிகிதம் கிடைக்கிறது. ஒப்பந்தக்காரர் மாறினாலென்ன, கம்பெனி மூடினாலென்ன, சந்தா தொழிலாளியின் பெயரில் நிற்கிறது, பாதுகாப்பும் அவர் பின்னாலேயே செல்லுகிறது. இன்னொரு முனையில், வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க இயலாதபடி நிரந்தரமாக முடங்கியவருக்கு இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே, வாழ்க்கையில் மிகச் சாதாரணமாக நேரும் சங்கடத்துக்கு, அதாவது விபத்தும் அல்லாமல் நிரந்தர முடக்கமும் அல்லாமல், ஒரு மனிதன் சில வாரமோ சில மாதமோ நோயில் கிடந்து எழும் காலத்துக்கு, சொக்சோவில் ஒரு காசும் கிடையாது. செக்‌ஷன் 26ன் ஆலைக்குப் போகும் வழியில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டவருக்குச் சொக்சோ துணை நிற்கிறது. அதே ஆலையில் அவருக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்பவர் நுரையீரல் நோயில் இரண்டு மாதம் வீட்டில் படுத்தால், முதலாளியின் 14 நாளுக்குப் பின் வெறுங்கை. இருவரும் ஒரே சந்தாவைத்தான் கட்டினார்கள்.

இந்தக் குறை நம் அறிவுக்கு எட்டாத புதிய தத்துவத்தால் தீர வேண்டியதன்று. 1883லேயே ஜெர்மனியில் பிஸ்மார்க் நோய்க்கால இன்ஷூரன்ஸ் சட்டம் செய்து, மூன்றாம் நாள் முதல் பதின்மூன்று வாரம் வரை பாதிக் கூலி கொடுக்க வழி வகுத்தார். அவர் சோஷலிஸ்டு அல்லர், சோஷலிஸ்டுகளை ஒடுக்கியவர். இந்தியாவில் 1944ல் பேராசிரியர் அடார்க்கர் அளித்த அறிக்கையிலிருந்து பிறந்த 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம், 1952 பிப்ரவரியில் கான்பூரில் ஜவஹர்லால் நேருவால் தொடங்கிவைக்கப்பட்டு, ஈ.எஸ்.ஐ. என்ற பெயரில் இன்று கோயம்புத்தூர் மில் தொழிலாளியும் சென்னைத் தொழிற்சாலைப் பெண்ணும் அறிந்த ஸ்தாபனமாக நிலைத்திருக்கிறது. அதில் நோயுற்றவருக்குக் கூலியில் 70 சதவிகிதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. நீடித்த நோய்களுக்கு அதற்கு மேலும் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1952ல் நிறைவேற்றிய 102ஆம் எண் உடன்படிக்கை, எந்த நாடும் ஏற்கத்தக்க குறைந்த அளவாக, முன்பு பெற்ற வருமானத்தில் 45 சதவிகிதத்தை 26 வாரம் வரை வழங்கச் சொல்லுகிறது. அன்று வறுமையில் உழன்ற இந்தியா செய்யத் துணிந்ததை, இன்று இவ்வளவு சுபிட்சம் கண்ட மலேசியா செய்ய இயலாதென்று சொல்வது நம் நாட்டையே குறைத்து மதிப்பிடுவதாகும்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான்: நோய்க்கால ஊதியத்தின் முதற் சில நாட்களை இப்போதுபோல் முதலாளியே ஏற்கட்டும்; அதற்கு மேற்பட்ட காலத்தை சொக்சோவின் கீழ் ஒரு நோய்க்கால நிதி ஏற்கட்டும்; அந்த நிதியில் தொழிலாளியின் சேவைக்காலம் முதலாளி மாறினாலும் முறியாமல் தொடர்ந்து எண்ணப்படட்டும். செலவு என்ன ஆகும் என்று கேட்பது நியாயமான கேள்வி. இன்று முதல் வகைச் சந்தாவாக முதலாளி 1.75 சதவிகிதமும் தொழிலாளி 0.5 சதவிகிதமும் கட்டுகிறார்கள். உதாரணத்துக்கு அரை சதவிகிதம் கூட்டி அதை இருவரும் சமமாகப் பகிர்ந்தால், 1,700 ரிங்கிட் சம்பளத்தின் மேல் ஆளுக்கு மாதம் 4 ரிங்கிட் 25 காசு. சரியான விகிதத்தை நிபுணர்கள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் பேசப்படுவது எந்த அளவான தொகை என்பதை உணர இது போதும். சிறு முதலாளிக்கு இது பாரம் அன்று, விமோசனம். ஐந்து பேரை வைத்துக் கடை நடத்துபவரிடம் ஒருவர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுத்தால் அந்தச் சம்பளத்தை அவர் ஒருவரே தாங்குவதுதான் இப்போதைய முறை. அதனாலேயே நோஞ்சானைச் சேர்க்காதே, நோயுற்றவனை ஒப்பந்தம் முடிந்ததும் விட்டுவிடு என்னும் புத்தி பிறக்கிறது. பலரும் சேர்ந்து தாங்கினால் அந்தக் கடின சித்தம் தேவையற்றதாகிவிடும்.

இதற்கு எதிராக எப்போதும் எழும் ஆட்சேபம், தொழிலாளர் பொய் எம்.சி. எடுக்கிறார்கள் என்பது. எடுப்பவர் சிலர் இருக்கிறார்கள். சீட்டை விற்கும் கயவரும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்துத் தண்டிக்கச் சட்டத்தில் வழி உண்டு, தண்டிக்கட்டும். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையே முதலாளிக்குக் கொடுத்திருக்கும் சட்டத்தின் கீழ், அந்த டாக்டர் கொடுத்த சீட்டை நம்ப மாட்டேன் என்பது யாரை அவமதிப்பது? உண்மையில் ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பெரிய சேதம் விளைவிப்பவர் நோயில்லாமல் வீட்டிலிருக்கும் சிலர் அல்லர். நோயோடு வேலைக்கு வரும் பலர். 2020 நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே கோவிட் பரவி, தெராத்தாய் என்று பெயரிடப்பட்ட அந்தத் தொற்றினால் 28 ஆலைகளைப் படிப்படியாக மூட உத்தரவிட நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. நெருக்கடியான விடுதிகளே அதற்கு முதற்காரணம் என்றாலும், காய்ச்சலை மறைத்து வேலைக்கு வருவதே வழக்கமாகிவிட்ட இடத்தில் எந்தத் தொற்றும் இரண்டு மடங்கு வேகத்தில் பாயும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

சட்டத்தின் கூரைக்கு முற்றிலும் வெளியே நிற்போரைப் பற்றியும் சில வார்த்தை. வீட்டு வேலை செய்வோர் 2021 ஜூன் முதல் சொக்சோவின் விபத்துப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் வேலைச் சட்டத்தின் முதல் அட்டவணை அவர்களை ஓய்வு நாள், வேலை நேரம், நோய் விடுப்பு ஆகிய பிரிவுகளிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. நம் குழந்தையைத் தூக்கி, நம் தாய்க்குக் கஞ்சி காய்ச்சும் பெண்மணி காய்ச்சலில் விழுந்தால் அவளுடைய சம்பளம் வீட்டுக்காரரின் மனத்தைப் பொறுத்தது. மோட்டார் சைக்கிளில் உணவு சுமந்து திரியும் இளைஞர்களுக்கென 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம், அவர்களை முதன்முறையாகச் சட்டத்தின் வரையறைக்குள் கொண்டுவந்து, ஒப்பந்த விதிகளும் முறையீட்டு மன்றமும் விபத்துப் பாதுகாப்பும் அளித்தது நல்ல ஆரம்பம். நோயுற்ற நாளின் கூலி அதிலும் இடம்பெறவில்லை. மழையில் நனைந்து டெங்கியில் விழும் அந்தப் பையனுக்கு முதலாளி யார் என்னும் வழக்கு முடிவதற்குள் காய்ச்சலே முடிந்துவிடும். முதலாளியைத் தேடாமல் தொழிலாளியைத் தேடிச் செல்லும் நிதி ஒன்றினால்தான் அவனுக்குப் பயன் உண்டு.

மாநில அரசு இதில் என்ன செய்ய முடியும் என்று ஷா ஆலத்தில் கேட்டால், தொழிலாளர் விவகாரமும் சமூகப் பாதுகாப்பும் மத்திய அரசின் அதிகாரம் என்பார்கள். அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் சொல்லுகிறது. சிலாங்கூர் சட்டமன்றம் நோய் விடுப்புச் சட்டம் இயற்ற முடியாது. அதனால் அதன் கைகள் கட்டுண்டுவிட்டன என்று அர்த்தமில்லை. 2017ல் பெடுலி சிஹாட் திட்டத்தின் மூலம் குடும்பத்துக்கு வருஷம் 500 ரிங்கிட் வரை கிளினிக் செலவை ஏற்க முன்வந்து, மத்திய அரசை எதிர்பாராமல் ஏழையின் நோயைத் தன் பொறுப்பாக எண்ணிக் காட்டிய மாநிலம் இது. டாக்டரின் கட்டணத்தைக் கொடுத்த கை, டாக்டரிடம் போன நாளின் கூலியையும் எண்ணிப் பார்க்கட்டும். மாநிலத்தின் 12 ஊராட்சி மன்றங்களும், மாநிலத்துக்குச் சொந்தமான கம்பெனிகளும் குப்பை அள்ளவும், சாக்கடை சுத்தம் செய்யவும், புல் வெட்டவும், கட்டடம் காக்கவும் ஓயாமல் ஒப்பந்தங்கள் விடுகின்றன. ஒப்பந்தம் கொடுப்பவர் தம் நிபந்தனையை எழுதிக்கொள்வதற்கு எந்த அட்டவணையும் குறுக்கே நிற்பதில்லை.

அந்த நிபந்தனைகள் எவை என்பதையும் தெளிவாகவே சொல்லிவிடலாம். பழைய ஒப்பந்தக்காரரிடம் அதே இடத்தில் உழைத்த காலத்தைப் புதிய ஒப்பந்தக்காரர் சேவைக்காலமாக ஏற்க வேண்டும்; அதனால் 14ல் தேங்கியிருப்பவர் 22க்கு ஏறுவார். எம்.சி. எடுத்ததற்காக எந்த அலவன்ஸும் பிடிக்கப்படலாகாது. விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாள் வைக்கும் செலவு டெண்டர் விலையிலேயே காட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் மிகக் குறைந்த விலை கேட்டவர் அந்தக் குறைவைத் தொழிலாளியின் காய்ச்சலிலிருந்துதான் ஈடுசெய்வார். ஒப்பந்த முறையையே ஒழித்து இவர்களை நேரடி ஊழியராக்க வேண்டும் என்று மலேசிய சோஷலிஸ்டு கட்சியினரும் அவர்களோடு சேர்ந்து நிற்கும் அரசாங்க ஒப்பந்தத் தொழிலாளர் அமைப்பினரும் பல ஆண்டுகளாகக் கோரி வருகிறார்கள். அந்தக் கோரிக்கை முற்றிலும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது நிறைவேறும் நாள் வரை இந்த மூன்று ஷரத்துக்களுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒவ்வோர் ஆண்டும் வழக்கமாக நவம்பரில் மந்திரி புசார் சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கிறார். நம் தொகுதிகளிலிருந்து அங்கே சென்று அமரும் உறுப்பினர்கள், கோயிலுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு மானியம் என்று கேட்பதோடு, மாநிலமும் அதன் ஊராட்சி மன்றங்களும் அடுத்து விடப்போகும் துப்புரவு, காவல் ஒப்பந்தங்களில் இந்த மூன்று ஷரத்துக்களும் எழுதப்படுமா என்று எழுத்து மூலமாகக் கேட்கட்டும். கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கட்டும்.